கூட்டாளிக்கு எத்தனை நாள் துக்கம்?

வாசகர் கடிதம் (சுருக்கியிருக்கிறேன்):

"டீச்சர், எனக்கு 42 வயது. பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது ஜொகூர் பாருவில் குடும்பம், சிங்கப்பூரில் வேலை. 1995-இல் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தவர்கள் நாங்கள் 21 பேர். அதில் ஒருவன் என் பக்கத்து வீடு. ஒன்றாம் ஆண்டிலிருந்து படிவம் ஐந்து வரை ஒன்றாகவே உட்கார்ந்தோம். 2021 ஆகஸ்டில் மாரடைப்பில் போய்விட்டான். 38 வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மாவோடு டவுனில் இருந்தான், சொந்தமாக மோட்டார் பட்டறை வைத்திருந்தான். அப்போது எல்லை மூடியிருந்தது. நான் சிங்கப்பூரில் எட்டுப் பேரோடு ஒரு வாடகை வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். செய்தி புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு ராத்திரி ஷிப்டுக்குப் போனேன்.

போவதற்குப் பத்து நாள் முன்னால் போனில் பேசினோம். 'நெஞ்சு எரியுதுடா, ராத்திரி படுக்க முடியல' என்றான். 'காஸ்ட்ரிக்கா இருக்கும், ஈனோ குடி' என்றேன். அதற்குப் பிறகு பேசவில்லை.

2004-இல் நான் வேலை தேடிக் கிளம்பியபோது அவன் 300 வெள்ளி கொடுத்தான். அப்போது அவனே கூலி வேலைதான். பின்னால் பட்டறை வைத்த பிறகு எல்லார் பாக்கியையும் 555 என்கிற சின்னக் கணக்கு நோட்டில் எழுதி வைப்பான். என் பெயரை ஒரு நாளும் எழுதவில்லை. நானும் கொடுக்கவில்லை. மறந்தே போய்விட்டேன் என்பதுதான் உண்மை.

2022-இல் எல்லை திறந்ததும் ஊருக்குப் போய், அவன் அம்மா இருக்கும் தாமான் (குடியிருப்பு) முனைவரை நடந்து, திரும்பி வந்துவிட்டேன். போன வருஷம் அவன் நம்பரைத் தேடிப் பார்த்தேன். புலனப் படத்தில் கையில் குழந்தையோடு யாரோ ஒரு மலாய்க்காரப் பெண். நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். 'கூட்டாளிதானே, நாலு வருஷமா இதுக்கு ஒரு அழுகையா' என்கிறார் மனைவி.

டிசம்பரில் எங்கள் ஆறாம் ஆண்டு நண்பர்கள் 30 வருஷச் சந்திப்பு வைக்கிறார்கள். அவனைப் பற்றி என்னை இரண்டு நிமிடம் பேசச் சொல்கிறார்கள். என்ன பேசுவது? அவன் அம்மாவைப் போய்ப் பார்க்கலாமா? அந்த 300-ஐக் கொடுக்கலாமா? எனக்கு ஏதாவது மனநோயா?"

தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தால் மற்றது எதுவும் காதில் ஏறாது.

எழுதியதை வைத்துப் பார்த்தால் இது நோய் மாதிரி தெரியவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் என்று ஒன்று இருக்கிறதுதான். ஆறு மாதம் தாண்டியும் விடாத துக்கத்தை அதில் சேர்க்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அது 2022-இல் சேர்ந்தது. அங்கே பெரியவர்களுக்கு ஒரு வருஷக் கணக்கு. ஆனால் இரண்டு இடத்திலும் நாள் கணக்கு மட்டும் போதாது. அந்த ஏக்கம் நாள் முழுக்க ஆளை விடாமல் பிடித்து, வேலை, சாப்பாடு, பிள்ளை குட்டி எதிலும் ஒட்ட முடியாமல் செய்ய வேண்டும். நீங்கள் ஷிப்டுக்குப் போகிறீர்கள், மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள், சனிக்கிழமை பந்தாடுகிறீர்கள். நம்பரைப் பார்த்தால் அழுகிறீர்கள். அழத்தான் வேண்டும்.

ஒன்று மட்டும் நேராகக் கேட்கிறேன். கடிதத்தில் குடியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குடிக்காதவராக இருந்தால் மன்னித்துவிடுங்கள். தூங்குவதற்காகக் குடிக்கிறீர்கள் என்றால், இல்லை அவன் போன இடத்துக்கே போய்விடலாம் என்று ஒரு நாளாவது தோன்றியது என்றால், இந்தப் பதிலை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். உதவி எண்கள்: சிங்கப்பூரில் 1767, மலேசியாவில் 15555. கூப்பிட்டுப் பேசுங்கள், அப்புறம் மீதியைப் படிக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நம் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் யார் யாருக்கு என்ன என்பது எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். கொள்ளி மகனுக்கு. நெய்ப்பந்தம் பேரப் பிள்ளைகளுக்கு. கோடித் துணி சம்பந்தி வீட்டுக்கு, தாய்மாமன் வீட்டுக்கு. கூட்டாளிக்கு? அவனுக்குச் சடங்கில் இடம் கிடையாது, ஆனால் வேலை உண்டு. கூடாரம் போடுகிறவன் அவன். கோயிலிலிருந்து நாற்காலி ஏற்றி வருகிறவன், ராத்திரி முழுக்க முழித்திருப்பவர்களுக்குத் தே ஓ (பால் இல்லாத தேநீர்) கலக்குகிறவன், உறுமி மேளத்துக்காரர்களுக்குப் போன் அடிக்கிறவன், மின்சுடலைக்குப் போகிற வழியில் முச்சந்தியில் நின்று காரை ஒழுங்குபடுத்துகிறவன் எல்லாம் கூட்டாளிதான். நான் பார்த்தவரை நம் ஆண்களுக்கு அந்த வேலைதான் அழுகை. வியர்வையில் சட்டை நனைந்து, தொண்டை கட்டி, பதினாறாம் நாள் கறிச்சோறு பரிமாறி முடிக்கும்போது பாதித் துக்கத்தைச் சுமந்து இறக்கியிருப்பார்கள்.

உங்களுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. 2020 மார்ச் 18-இல் மூடிய எல்லை முழுசாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல். அவன் இறந்த ஆகஸ்டில் நீங்கள் ஜொகூர் பாருவிலேயே இருந்திருந்தாலும் பேராக்குக்குப் போயிருக்க முடியாது. மாநிலம் விட்டு மாநிலம் போக விட்டது அக்டோபர் 11-இலிருந்துதான். ஆக ஒரு நாற்காலிகூட நீங்கள் தூக்கவில்லை. தூக்காத சுமை அங்கேயே கிடக்கிறது. நாலு வருஷம் கழித்து அது கனக்கிறது என்றால் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கத்துக்கு 1989-இல் கென்னத் டோக்கா என்ற அமெரிக்கர் ஒரு பெயர் வைத்தார். நண்பன், பழைய காதலி, கூட வேலை செய்தவர் இப்படிப்பட்டவர்களுக்காக வருகிற துக்கத்தை. லீவு கிடையாது, யாரும் வந்து கையைப் பிடிக்க மாட்டார்கள், நீங்களே வெளியே சொல்லக் கூச்சப்படுவீர்கள். பயிற்சி வகுப்பில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தமிழில் இதற்கு ஒரு துறையே இருக்கிறது, பெயர் கையறுநிலை. போனவர்களை நினைத்து மிஞ்சியவர்கள் புலம்புவது. கை அறுந்த நிலை, அதாவது செய்வதற்கு இனி ஒன்றும் இல்லை என்ற நிலை. அதைப் பாடியவர்களில் முக்கால்வாசிப் பேர் மனைவியும் இல்லை, மகனும் இல்லை. பாரிக்காகக் கபிலர், அதியமானுக்காக ஔவை. எல்லாம் கூட்டாளிகள்.

அதில் புலவர் பொத்தியார் கதை உங்களுக்குப் பொருந்தும். அவருடைய கூட்டாளி கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்குப் பார்த்து உட்கார்ந்து பட்டினி கிடந்து, உயிர் விடப் போகிறான். கூடவே இருக்க வந்த பொத்தியாரை, "உன் மனைவி பிள்ளைத்தாய்ச்சி, பிள்ளை பிறந்த பிறகு வா" என்று திருப்பி அனுப்பிவிடுகிறான். அந்த ஆளும் எல்லைக்கு இந்தப் பக்கம் நிறுத்தப்பட்டவர்தான் என்று வையுங்கள். உறையூருக்குத் திரும்பி வருகிறார். சோழன் இல்லாத மன்றத்தைப் பார்க்கிறார். பல வருஷம் சோறு போட்டு வளர்த்த யானை செத்த பிறகு, அது கட்டியிருந்த வெறுந்தறியைப் பார்த்து அழுகிற பாகனைப் போல அழுதேன் என்று பாடுகிறார். அவர் பின்னால் போய்ச் செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம். தறியைப் பார்த்து அழுதாரே, அது மட்டும் உங்களுடையது. உங்கள் தறி அந்தப் புலனப் படம்.

எனக்கும் ஒரு தறி உண்டு. படிவம் மூன்றில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தவணை விடுமுறையில் காய்ச்சலில் இறந்துபோனாள். பள்ளி திறந்த அன்று நான் வகுப்புக்குப் போனபோது அவள் மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. மற்ற பிள்ளைகள் மனசு கெட்டுவிடும் என்று காலையிலேயே ஸ்டோருக்குத் தூக்கிப் போகச் சொல்லிவிட்டாராம் ஒரு ஆசிரியர். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். ஆனால் சிமெண்டுத் தரையில் அந்த மேசையின் நாலு கால் நின்ற இடம் மட்டும் வட்டம் வட்டமாக வெளுத்துக் கிடந்தது. வருஷக் கடைசி வரை நான் போர்டைப் பார்த்ததைவிட அந்த நாலு வட்டத்தைப் பார்த்ததுதான் அதிகம். பின்னாளில் பள்ளியில் ஆலோசகராக இருந்தபோது ஒரு மாணவன் விபத்தில் இறந்தான். மேசையை எடுக்கவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஒரு வாரம் அப்படியே இருந்தது. பிள்ளைகள் அதன்மேல் பேனா வைத்தார்கள், கடலை மிட்டாய் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை அவர்களே தூக்கிக்கொண்டு போய் நூலகத்தில் போட்டார்கள்.

இப்போது ஈனோவுக்கு வருவோம். கடிதத்தில் அதை மூன்றே வரியில் முடித்துவிட்டீர்கள். உங்களைத் தின்கிறது அதுதான் என்று நினைக்கிறேன், 300 வெள்ளி இல்லை.

"உங்க மேல தப்பு இல்லை" என்று சொல்லி அனுப்ப எனக்கும் ஆசைதான். சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தாளில் அந்த போன் பேச்சு நடந்த நிமிடத்தில் உங்களுக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் எழுதுங்கள். அவனுக்கு 38 வயது. பட்டறையில் நேரத்துக்குச் சாப்பிட மாட்டான். சின்ன வயதிலிருந்தே வயிற்றெரிச்சல் என்பான். ஊரடங்கு, ஆஸ்பத்திரி முழுக்கக் கோவிட், போனாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஊரே பயந்த மாதம். உங்களுக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. இப்படி. இரண்டாவது தாளில், அவன் செத்த பிறகு தெரிந்துகொண்டதை எழுதுங்கள். மாரடைப்பு நெஞ்செரிச்சல் மாதிரி வரலாம் என்பது, நம் ஆட்களுக்கு அது மற்றவர்களைவிடச் சின்ன வயதிலேயே வருகிறது என்று மருத்துவர்கள் சொல்வது, நெஞ்சில் எரிச்சலோ வலியோ விடாமல் இருந்தால் உடனே பார்க்க வேண்டும் என்பது. எழுதி முடித்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் இரண்டாம் தாளை வைத்துக்கொண்டு முதல் தாள்காரனைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

முதல் தாளிலும் உறுத்துகிற வரி ஒன்று இருக்கலாம். 'மறுநாள் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்' மாதிரி. இருந்தால் அடிக்க வேண்டாம், இருக்கட்டும். அது வருத்தம், கொலைக் குற்றம் ஆகாது. அந்த வருத்தத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்: உங்களுக்கு 42 வயது. ஊருக்குப் போகும்போது ஒரு கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையம்) 1 வெள்ளி கட்டி இரத்த அழுத்தம், இனிப்புநீர், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். கோவிட்டுக்கு முந்தைய வருஷங்களில் மலேசியாவில் அதிகம் பேரைக் கொண்டுபோன நோய் இதய நோய்தான். புலனக் குழுவில் மீதி 19 பேர் இருக்கிறார்கள். அவர்களையும் இழுத்துப் போங்கள். பிறந்தநாள் கேக் படம் போடுகிற குழுவில் ஒரு நாள் இதையும் போடலாம், தப்பில்லை.

அடுத்து அம்மா. போய்ப் பாருங்கள். ஆனால் எப்படிப் போவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டுப் போங்கள்.

முதல் விஷயம், ஈனோ கதையை அவரிடம் இறக்கி வைப்பதற்காகப் போகாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். மகனோடு ஒரே வீட்டில் இருந்தவர் அவர். ராத்திரி படுக்க முடியாமல் அவன் எழுந்து உட்கார்ந்ததை நீங்கள் போனில் கேட்டீர்கள், அவர் கண்ணால் பார்த்திருப்பார். இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்திருப்பார், நெஞ்சில் தைலம் தேய்த்திருப்பார், 'காத்துதான்டா' என்றிருப்பார். நான் சந்தித்த தாய்மார்களில் அந்தத் தைலத்தை நினைத்து அழாதவர் இல்லை. நீங்கள் போய் 'நான்தான் ஈனோ குடிக்கச் சொன்னேன், மன்னிச்சிருங்கம்மா' என்றால் அவர் உங்களைத் தேற்ற வேண்டிவரும், அவருடைய தைலத்தை யாரிடம் சொல்வார்? ஒருவேளை அவரே பேச்செடுத்தால், 'எனக்குத் தெரியாமப் போச்சே' என்று அவரே சொன்னால், அப்போது சொல்லுங்கள். 'என்கிட்டயும் சொன்னாம்மா. நானும் காஸ்ட்ரிக்குன்னுதான் நெனச்சேன்.' அவ்வளவு போதும். இரண்டு பேர் ஒரே தப்பைச் செய்திருந்தால் பாரம் கொஞ்சம் குறையும்.

இரண்டாவது, பத்துப் பேர் வேனில் போய் இறங்க வேண்டாம். சந்திப்புக்கு முதல் நாள் தனியாகப் போங்கள், வேண்டுமானால் மனைவியோடு. பால்மரம் வெட்டியவர்கள் எத்தனை வயதானாலும் விடிகாலையிலேயே எழுந்துவிடுவார்கள். பத்து மணிக்கெல்லாம் சமையல் முடிந்திருக்கும். மத்தியானம் தொலைக்காட்சியில் நாடகம். ஆகவே பத்து மணி. கையில் பழம், பிஸ்கட் டின், ஒரு மைலோ. வாசலிலேயே 'இத்தனை நாள் கழிச்சு இப்பதான் வழி தெரிஞ்சுதாடா' என்று கத்தலாம். கத்தினால் தலை குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள். வெளி ஆளை யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள்.

உள்ளே போனதும் மாலை போட்ட படம் இருக்கும், சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருக்கும். கும்பிட்டுவிட்டு உட்காருங்கள். 'மனசைத் தேத்திக்குங்கம்மா', 'விதி', 'நல்லவங்களை ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்குவான்' என்ற மூன்றையும் வாசலுக்கு வெளியே செருப்போடு விட்டுவிட்டு வாருங்கள். அதற்குப் பதிலாக அவன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். செத்தவர் பெயரைச் சொன்னால் அழுவார்களோ என்று பயந்து ஊரே அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடும். நாலு வருஷமாக அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சத்தமாகக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். (நீங்கள் எழுதியிருந்த பட்டப்பெயரை நான் இங்கே போடவில்லை. அவன் அம்மா இதைப் படித்தாலும் படிக்கலாம். ஆனால் அவர் முன்னால் ஒரு தடவை அது உங்கள் வாயில் தவறி வந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.)

அவருக்குத் தெரியாததைச் சொல்லுங்கள். தாய்க்குப் பிள்ளையைப் பற்றி எல்லாம் தெரியும் என்பது பொய். வீட்டு வாசலைத் தாண்டிய பிறகு அவன் எப்படி இருந்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? காலை நாலு மணி இருட்டில் நெற்றி விளக்கோடு காட்டுக்குப் போனவர், பிள்ளையைப் பள்ளியில் பார்த்ததே இல்லை. நீளமாக எழுதியிருந்த இடத்தில், ஐந்தாம் ஆண்டில் தலைமையாசிரியரின் சைக்கிள் சங்கிலி அறுந்ததும், சத்துணவுக் கொட்டகையில் கரண்டிக் காம்பை எடுத்துவந்து அவன் அதைக் கோத்துக் கொடுத்ததும், கரண்டி வளைந்ததற்கு நீங்கள் இரண்டு பேரும் வெயிலில் நின்றதும் எழுதியிருந்தீர்களே. அது அவன் அம்மாவுக்குத் தெரியுமா? அவனுடைய பத்து வயதில் ஒரு பங்கு உங்களிடம்தான் இருக்கிறது. நீங்கள் கொடுக்க வேண்டிய பாக்கி என்று ஒன்று இருந்தால் அதுதான்.

300 வெள்ளியையும் கதையாகவே முதலில் கொடுங்கள். பேருந்து நிலையத்தில் கருப்பு எண்ணெய் விரல் பதிந்த நோட்டுகளை உங்கள் சட்டைப் பையில் திணித்தான் என்று எழுதியிருந்தீர்கள். அந்த விரல் அடையாளத்தை அவரிடம் சொல்லுங்கள். பணத்தை அன்றே உறையில் போட்டு நீட்டினால் கணக்குத் தீர்க்க வந்தவர் மாதிரி ஆகிவிடும். ஊரில் எல்லார் பாக்கியையும் 555 நோட்டில் எழுதியவன் உங்கள் பெயரை எழுதாமல் விட்டது மறதி என்றா நினைக்கிறீர்கள்? அவன் திறக்காத கணக்கை நீங்கள் போய் மூட முடியாது. ஆனால் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருங்கள். மருந்து இருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா, கேஸ் தோம்பு யார் தூக்கி வைக்கிறார்கள் என்று பாருங்கள். தேவை இருந்தால் அடுத்த முறை போகும்போது, அவன் செய்திருப்பான் என்று எண்ணிச் செய்யுங்கள். அது 300-ஆ 3,000-ஆ என்பது உங்கள் சௌகரியம். ஒன்றும் தேவைப்படாதவராக இருந்தால், திதி அன்று பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் இன்னும் நிற்கிறது என்றால் அங்கே, இல்லாவிட்டால் டவுன் கோயிலில், அவன் பெயரில் அன்னதானம். அம்மா கையால் பரிமாறச் சொல்லுங்கள். அன்றைக்கு நாற்காலி தூக்கிப் போடுகிற வேலை உங்களுடையது, வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கிளம்பும்போது 'வரேம்மா' என்று சொல்லுங்கள். துக்க வீட்டில் சொல்லக் கூடாத சொல். இப்போது நாலு வருஷம் ஆகிவிட்டது, சொல்லலாம்.

மேடைப் பேச்சு சின்ன விஷயம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். குறளில் ஆரம்பிக்காதீர்கள். 'நட்புக்கு இலக்கணம்' என்று ஆரம்பித்தால் பின்வரிசையில் இருப்பவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். சைக்கிள் சங்கிலியை மட்டும் சொல்லுங்கள். அதில் தலைமையாசிரியர் இருக்கிறார், பள்ளி இருக்கிறது, வெயில் இருக்கிறது, 21 பேரும் இருக்கிறார்கள். இரண்டு நிமிடத்துக்கு அது தாராளம். நடுவில் தொண்டை அடைத்தால் நின்று தண்ணீர் குடியுங்கள், யாரும் ஓட மாட்டார்கள். மாலை போட்ட காலி நாற்காலி ஒன்றை முன்வரிசையில் வைக்கப் போவதாக ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் யாராவது அதில் கைப்பை வைப்பார்கள், அதைப் பார்த்து இன்னொருவர் அதட்டுவார். ஆறாம் ஆண்டு வகுப்புப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். அதில் அவன் மாலை இல்லாமல், மற்றவர்களோடு நிற்கட்டும். அம்மாவை அழைக்கலாமா என்பதை ஏற்பாட்டாளர்கள் முடிவு செய்ய வேண்டாம். முதல் நாள் வீட்டுக்குப் போகும்போது நீங்களே அவரைக் கேளுங்கள். வருவேன் என்றால் யார் அழைத்து வருவது, யார் திரும்பக் கொண்டுபோய் விடுவது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். மகன் வயதில் இருபது பேர், தொப்பையும் நரையுமாக, பிள்ளை குட்டியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது எல்லாத் தாய்க்கும் முடியாது.

மனைவி கேட்டதில் தப்பில்லை. அவர் பார்த்தது உங்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறிய ஒருவனை மட்டும். எண்ணெய் விரல் பதிந்த நோட்டு இல்லாமல் நீங்கள் ஜொகூர் பாருவுக்கே வந்திருக்க மாட்டீர்கள், அவரையும் சந்தித்திருக்க மாட்டீர்கள் என்பதை இதுவரை அவரிடம் சொல்லவே இல்லை, இல்லையா? ரயிலில் போகும்போது சொல்லுங்கள். கோலாலம்பூரிலிருந்து சுங்கை சிப்புட்டில் நிற்கிற இ.டி.எஸ். இருக்கிறது. டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இந்த வாரமே போட்டுவிடுங்கள். வகுப்புப் படத்தில் ஒரு பிரதி அம்மாவுக்கும் சட்டம் போட்டு எடுத்துப் போங்கள், பின்பக்கம் 21 பேர் பெயரையும் பென்சிலில் எழுதி. அவருக்கு எழுத்துத் தெரியாது என்றால் ஒவ்வொருவராக விரல் வைத்துக் காட்டுங்கள்; யார் எந்தக் கங்காணி வீட்டுப் பிள்ளை என்று அவர் உங்களுக்குச் சொல்லுவார்.